டைல்ஸ் பதிக்க வேண்டாம், கிணத்தைக் கட்டுங்கோ

மதிப்புக்குரிய ஆசிரியர் ஐயாவுக்கு,

போன ஞாயிறு உங்கட பேப்பரில உவர்மலைப் பக்கத்து அண்ணர் ஒருத்தர் எழுதின கடிதத்த வாசிச்சன். பிள்ளை தத்தெடுக்கிறதெண்டா மாடி வீடும் கவர்ன்மென்ட் உத்தியோகமும் இருக்கோணும், எங்கள மாதிரிச் சாதாரண ஆக்களுக்குத் தரமாட்டினம், அதால தெரிஞ்ச ஆக்களைப் பிடிச்சு எடுக்கிறதுதான் வழி எண்டு எழுதியிருந்தவர். முதல் பாதி பிழை, ரெண்டாவது பாதி ஆபத்து. அவரோட சண்டை பிடிக்க இத எழுதேல்ல, அவர் எழுதின அதே கதையத்தான் நானும் 2018ல எங்கட வீட்டுத் திண்ணையில இருந்து சொல்லிக்கொண்டிருந்தனான்.

எங்கட வீடு அன்புவழிபுரத்தில. ரெண்டு அறை, ஒரு ஹோல், ஷீட் போட்ட குசினி, பின்னால கிணறு. மனுசன் வெல்டிங் வேலை, ஒரு மாசம் கை நிறைய வரும், அடுத்த மாசம் ஆரிட்டயாவது மாறித்தான் சீவியம். நான் வீட்டில தைக்கிறனான். கலியாணம் முடிச்சு பன்னிரண்டு வருசம், கண்டி வரைக்கும் போய் மருந்தெடுத்து காசும் போய் மனசும் விட்டுப்போன நேரத்திலதான் விண்ணப்பம் குடுத்தனாங்கள்.

முதல்ல ஆரிட்ட போறதெண்டு சொல்லுறன், ஏனெண்டா எங்களுக்கு அதே தெரியாமல் மூண்டு கந்தோர் ஏறி இறங்கினனாங்கள். உள்நாட்டில இருக்கிற ஆக்களுக்கு இது மாகாண நன்னடத்தை சிறுவர் பராமரிப்புத் திணைக்களத்தின்ர வேலை. எங்கட கிழக்கு மாகாணத்துக்குத் தலைமைக் கந்தோர் இஞ்ச திருகோணமலையிலயே இருக்கு, மட்டக்களப்பு அம்பாறை ஆக்களை விட எங்களுக்கு அது ஒரு வசதி. கனடாவில லண்டனில இருக்கிற சொந்தக்காரர் எடுக்கிறதெண்டா அது வேற பாதை, பத்தரமுல்லையில இருக்கிற மத்திய திணைக்களத்துக்கால போகோணும். ஆர் எடுத்தாலும் பிள்ளைக்கு எண்டு ஒரு சதம் குடுக்கவும் கூடாது வாங்கவும் கூடாது, சட்டம் அத நேரடியாத் தடுக்குது. ஆராவது “ஒரு சின்னச் செலவு இருக்கு” எண்டு தொடங்கினா அந்த இடத்திலயே எழும்பி வாங்கோ.

சட்டம் பழசு, 1941ம் ஆண்டு 24ம் இலக்க மகவேற்புக் கட்டளைச் சட்டம், மகவேற்பு எண்டா தத்தெடுக்கிறதுதான். எடுக்கிற ஆளுக்கு 25 வயசு முடிஞ்சிருக்கோணும், பிள்ளையை விட 21 வயசாவது கூட இருக்கோணும், கிட்டின சொந்தமெண்டா மட்டும் கொஞ்சம் விலக்கு இருக்கு. பிள்ளைக்கு 10 வயசு தாண்டினா பிள்ளையின்ர சம்மதமும் வேணும். கடைசி முடிவு மாவட்ட நீதிமன்றத்தில. இவ்வளவுதான். இதில எந்த இடத்திலயும் மாடி வீடு எண்டு இல்ல.

இனி அந்த வீடு பாக்க வாற கதை. நன்னடத்தைத் திணைக்களத்தில இருந்து ஒரு மேடம் வீடு பாக்க வருவா எண்டு கோல் வந்த உடன மனுசன் செய்த முதல் வேலை கடன் பட்டு ஹோலுக்கு டைல்ஸ் பதிச்சது! நானும் தடுக்கேல்ல, நானும் புதுக் கேர்ட்டின் தைச்சுப் போட்டனான், சொந்தக்காரர் வீட்டில இருந்து செட்டி (சோபா) கூடக் கொண்டுவந்து வச்சம். மேடம் வந்தா, டைல்ஸை மிதிச்சுக்கொண்டு நேர பின்பக்கம் போனா. கிணத்தைப் பாத்தா. எங்கட கிணத்துக்கட்டு அப்ப முழங்கால் உயரம்தான், மூடியும் இல்ல. “மூண்டு வயசுப் பிள்ளைக்கு இது எவ்வளவு உயரம் அம்மா?” எண்டு கேட்டா. எனக்கு வாய் அடைச்சுப்போச்சு. பிறகு குசினியில அடுப்புக்குக் கீழ நெக்டோ சோடாப் போத்தலுக்க மண்ணெண்ணெய் ஊத்தி வச்சிருந்தம், அதை எடுத்து முகர்ந்து பாத்திட்டு மேல் தட்டில வச்சிட்டுப் போனா, ஒண்டும் சொல்லேல்ல. வெல்டிங் பிளான்டுக்கு எண்டு மனுசன் வெளியால இழுத்திருந்த வயர், ட்ரிப் சுவிட்ச் இருக்கா இல்லையா, கக்கூசுக்கு உள்ளுக்க கொண்டி எந்த உயரத்தில கிடக்கு, ராவில பிள்ளை எங்க படுக்கும், அந்த அறைக்குள்ள வேற ஆர் படுக்கிறது, வீட்டுக்கு வந்து நிக்கிற ஆம்பிளை ஆக்கள் ஆர் ஆர், இதுதான் கேட்டது முழுக்க. தனி அறை கேக்கேல்ல, தனிப் படுக்கை கேட்டா. டைல்ஸைப் பத்தி கடைசியில ஒண்டு மட்டும் சொன்னா, தண்ணி பட்டா வழுக்கும் பாத்துக்கொள்ளுங்கோ எண்டு.

டைல்ஸ் கடன் கட்டி முடிய ஒன்றரை வருசம் எடுத்தது. கிணத்துக்கு மூடியும் கட்டு உயத்தினதும் அதில கால்வாசிக் காசுதான்.

இத வாசிக்கிறவை ஆராவது விண்ணப்பம் குடுக்கிற யோசனையில இருந்தா இப்பவே உங்கட வீட்டுக்குள்ள முட்டுக்காலில தவண்டு பாருங்கோ, நான் பகிடிக்குச் சொல்லேல்ல, பிள்ளையின்ர கண் உயரத்தில இருந்து பாத்தாத்தான் பிளக் பொயின்ட், மருந்துப் பெட்டி, பாசிப் பிடிச்ச படி, கட்டிப்போடாத நாய், தண்ணி நிரப்பி வச்ச பெரிய வாளி எல்லாம் தெரியும். நிலாவெளி, சாம்பல்தீவுப் பக்கம் கடலோரம் இருக்கிறவைக்கு வேலியும் கேட்டும் முக்கியம், மீன்வாடிக்குள்ள கிடக்கிற தூண்டில் வலைச் சாமானும் எட்டாத இடத்துக்குப் போகோணும். தம்பலகாமம் மூதூர்ப் பக்கம் வயல் செய்யிறவை கிருமிநாசினிப் போத்தலைக் கட்டிலுக்குக் கீழ வைக்கிற பழக்கத்த விடுங்கோ, அது பிள்ளை வந்தாலும் வராட்டியும் விடவேண்டிய பழக்கம்தான்.

வீட்டை விட வீட்டு ஆக்களைத்தான் மேடம் கூடப் பாத்தா எண்டது பிறகுதான் எனக்கு விளங்கினது. எங்களோட மாமியும் இருக்கிறா. மாமியைத் தனிய முத்தத்துக்குக் கூட்டிக்கொண்டு போய்க் கதைச்சா. நான் யன்னலுக்கால பாத்துக்கொண்டு நிண்டன், நெஞ்சு அடிச்ச அடி எனக்குத்தான் தெரியும், ஏனெண்டா மாமி அதுக்கு முதல் கிழமைதான் “என்ன சாதியோ என்ன ரத்தமோ” எண்டு கதைச்சு மனுசனோட பெரிய சண்டை. மாமி அங்கயும் அதைத்தான் சொல்லியிருக்கிறா, மறைக்கேல்ல. எங்கட கேஸ் முடிஞ்சுது எண்டு நான் அழுதுபோட்டன். ஆனா மேடம் ரெண்டாவது தரமும் வந்தா, மூண்டாவது தரமும் வந்தா, ரெண்டு தரமும் மாமியோடதான் கூட நேரம் இருந்தா. வீட்டில ஒரு ஆள் மனசுக்குள்ள ஒண்டை வச்சுக்கொண்டு வெளியில சிரிச்சா பிறகு அது பிள்ளையின்ர தலையிலதான் விடியும், இப்பவே கதைச்சுத் தீருங்கோ எண்டு எங்களிட்டச் சொன்னா. தீர்த்தம். ஒரு நாளில இல்ல. இப்ப பிள்ளைக்குத் தலை இழுக்க மாமியைத் தவிர வேற ஆரும் கிட்டப் போகேலாது, அது வேற கதை.

சரி, கடதாசி விசயத்துக்கு வாறன், எனக்குக் கோவம் இருக்கிறது அதிலதான்.

கேக்கிறது பெரிசா ஒண்டுமில்ல. ரெண்டு பேரின்ரயும் பிறப்புச் சான்றிதழ், கலியாண எழுத்து, அடையாள அட்டை, ஜி.எஸ். (கிராம சேவகர்) கடிதம், பொலிஸ் ரிப்போட், மெடிக்கல், வருமானத்துக்கு ஆதாரம், வீடு காணிக்கு உறுதியோ பெர்மிட்டோ. கொழும்பில பிறந்து வளந்த ஆளுக்கு இது ஒரு கிழமை வேலையா இருக்கும். எங்கட ஊரில? மனுசன்ர ஆக்கள் 1990ல இடம்பெயர்ந்து போய் வந்த ஆக்கள், பெட்டியோட உறுதியும் போயிட்டு. என்ர பிறப்புச் சான்றிதழ் 2004 சுனாமியோட போனது. திரும்ப எடுக்கலாம்தான், எடுத்தால் பேரில ஒரு எழுத்து மாறிக் கிடக்கும், கலியாண எழுத்தில ஒரு மாதிரி, ஐடென்டிட்டி கார்டில சிங்களத்தில இருந்து திருப்பி எழுதின இன்னொரு மாதிரி. மனுசன்ர தகப்பன்ர பேர் மூண்டு கடதாசியில மூண்டு விதம்! கடைசியா எல்லாம் ஒரே ஆள்தான் எண்டு சமாதான நீதவானிட்டச் சத்தியக் கடதாசி முடிச்சுக் குடுத்தம். ஆகவே பிள்ளை எடுக்கிற யோசனை மனசில வந்த நாளே எல்லாக் கடதாசியையும் மேசையில பரப்பி வச்சு எழுத்தெழுத்தாப் பாருங்கோ, விண்ணப்பம் குடுத்த பிறகு பிழை தெரிய வந்தா அதுக்கு எண்டு மூண்டு மாசம் போகும்.

வருமானம் பத்தி. எங்களுக்குச் சம்பளச் சீட்டு இல்ல. பாங்க் புத்தகத்தில அப்ப பதினொராயிரம் ரூபாதான் கிடந்தது. மனுசன் சிநேகிதரிட்ட ஒரு லட்சம் மாறி ஒரு மாசம் போட்டு வைப்பம் எண்டு சொன்னவர், அதை மட்டும் நான் விடேல்ல. வேலை செய்து குடுத்த பில் புத்தகம், கறன்ட் பில், சீட்டுக் கட்டின கொப்பி, நான் தைச்சுக் குடுத்த கணக்குக் கொப்பி எல்லாத்தையும் அப்பிடியே காட்டினம். மேடம் அந்தத் தையல் கொப்பியைத்தான் ஒவ்வொரு பக்கமாப் பாத்தவ. சேர்ந்தாப்போல ஒரு லட்சம் வந்து விழுந்திருந்தா அதுக்கு என்ன சொல்லியிருப்பம் எண்டு இப்பவும் யோசிக்கிறனான். மெடிக்கலும் அப்பிடித்தான், மனுசனுக்குச் சுகர், அதை மறைப்பம் எண்டு வீட்டில ஒரு பெரிய மாநாடே நடந்தது, கடைசியில கிளினிக் கொப்பியையே கொண்டுபோய்க் குடுத்தம், மருந்து ஒழுங்கா எடுக்கிறாரா எண்டு மட்டும் கேட்டினம்.

எனக்குக் கோவம் வந்தது வேற இடத்தில. ஒரு கந்தோர், பேர் சொல்லேல்ல, அங்க ஒரு கவுண்டரில ஒரு நாள் ஒரு கடதாசி இல்லை எண்டு அனுப்புவினம், அதைக் கொண்டு போனா அடுத்த நாள் இன்னொண்டு இல்லை எண்டு அனுப்புவினம். முழு லிஸ்டும் ஒரே தாளில தமிழில எழுதித் தாங்கோ எண்டு கேட்டதுக்கு “சொல்லுறம்தானே” எண்டு பதில். குச்சவெளியில இருந்து ஒரு புருசன் பெண்சாதி எங்களோட லைனில நிண்டவை, ரெண்டு பஸ் ஏறி வந்தவை, நாலாம் தரத்துக்குப் பிறகு அவையை நான் காணேல்ல. இடையில 2020ல கொரோனா, எல்லாம் பூட்டு, திறந்த பிறகு போனா ஜி.எஸ். கடிதமும் பொலிஸ் ரிப்போட்டும் பழசாப் போச்சு, புதுசு கொண்டு வாங்கோ எண்டிட்டினம். கடதாசி பழசாகிறது எங்கட பிழையோ? ஆசிரியர் ஐயா, ஒரு பக்கத் தாள், தமிழிலயும் சிங்களத்திலயும், ஒவ்வொரு டி.எஸ். ஒபிஸ் (பிரதேச செயலகம்) நோட்டிஸ் போட்டிலயும் ஒட்டி விட்டா காணும். இதுக்குப் புதுச் சட்டம் ஒண்டும் தேவையில்ல, ஒரு டப்பா கோந்துதான் தேவை.

இப்பிடி அலைக்கழிக்கிறதாலதான் அந்த அண்ணர் எழுதின “தெரிஞ்ச ஆக்கள் மூலமா” எண்ட கதை வருது. அது என்னெண்டு எல்லாருக்கும் தெரியும், பெத்த பெட்டையை ஆஸ்பத்திரியில உங்கட பேரில சேர்த்து, பிறப்புப் பதிவிலயே உங்களைத் தாய் தகப்பன் எண்டு போட்டுக்கொண்டு வாறது. நல்லாத்தான் இருக்கும், ஒரு நாள் ஆராவது வாய் தவறும் மட்டும். அது பொய்ப் பதிவு, குற்றம். பெத்த தாய் மனம் மாறி வந்து கேட்டா உங்களிட்டக் காட்ட ஒண்டும் இல்ல, போன் போட்டு மாசாமாசம் காசு கேட்டாலும் குடுக்கத்தான் வேணும். முறையா எடுத்தால் நீதிமன்றக் கட்டளை இருக்கு, பதிவாளர் நாயகத்தின்ர மகவேற்புப் பதிவேட்டில பேர் ஏறும், பிள்ளை சட்டத்துக்கு முன்னால உங்கட வயித்தில பிறந்த பிள்ளை மாதிரித்தான். எண்பதுகளில இலங்கையில இருந்து ஐரோப்பாவுக்குக் குடுத்த பிள்ளைகள் இப்ப நாப்பது வயசில வந்து தாயைத் தேடுகினம், கடதாசியில இருக்கிற பேரில அப்பிடி ஒரு ஆளே இல்லை எண்டு தெரிய வந்து இடிஞ்சு போய் நிக்கினம், டீவியில பாத்திருப்பியள். பொய்க் கடதாசி பிள்ளைக்குச் செய்யிற வேலை அதுதான்.

பிறகேன் சிறுவர் இல்லங்களில இவ்வளவு பிள்ளைகள் இருக்க எங்களைக் காக்க வைக்கினம் எண்டும் அந்த அண்ணர் கேட்டிருந்தார். நானும் கேட்டனான். இல்லத்தில இருக்கிற கனக்கப் பிள்ளைகளுக்குத் தாய் தகப்பனில ஒராளாவது உசிரோட இருக்கினம். வறுமையால விட்டிருப்பினம், தாய் வெளிநாடு போயிருப்பா, தகப்பன் மறியலில இருப்பான். அந்தப் பிள்ளைகளை ஆரும் எடுத்துக்கொண்டு போகேலாது, எடுக்கவும் கூடாது. தாய் தகப்பன்ர சம்மதம் வேணும், கைவிட்டிட்டுப் போனவை, தேடியும் காணாத ஆக்கள் எண்ட மாதிரிக் காரணம் இருந்தா நீதிமன்றம் அந்தச் சம்மதத்தை விலக்கி வைக்கலாம். காணாமல் போன ஆக்கள் எண்டது எங்கட பக்கத்தில எவ்வளவு பெரிய சொல் எண்டு நான் சொல்லத் தேவையில்ல. அதைத் தேடிப் பாக்கிற நேரம்தான் நாங்கள் காக்கிற நேரம்.

அப்பிடிப்பட்ட பிள்ளைகளுக்குத்தான் கொஞ்சக் காலம் வச்சுப் பாக்கிற ஆக்கள் தேவை, வளர்ப்புப் பராமரிப்பு எண்டுறது. சுனாமிக்குப் பிறகு 2005ல ஒரு விசேட சட்டம் கொண்டு வந்தவை, தாய் தகப்பன் இல்லாமல் போன பிள்ளைகளை ஆர் வளக்கிறது எண்டதும் அதில இருந்தது. அதுக்கு முதலே 1939ம் ஆண்டுச் சட்டத்தில தகுந்த ஆள் ஒருத்தரிட்ட பிள்ளையைப் பொறுப்புக் குடுக்க நீதவானுக்கு இடமிருக்கு. இது தத்து இல்ல, நாளைக்குத் தாய் வந்தா குடுக்கோணும், அந்த மனசு இருக்கிறவைதான் இதுக்குப் போகோணும். எனக்கு அது இல்ல, வெக்கத்தை விட்டுச் சொல்லுறன்.

இதோட சேர்த்து இன்னொண்டு, இது தத்தெடுக்கிறவைக்கு மட்டுமில்ல. எங்கட ஒழுங்கையில மட்டும் மூண்டு வீட்டில அம்மம்மாமார் பேரப்பிள்ளைகளை வளக்கினம், தாய்மார் குவைத்தில சவுதியில. போகேக்க டி.எஸ். ஒபிஸில குடும்பப் பின்னணி அறிக்கை எடுத்துத்தான் போனவை, அது 2013ல கொண்டு வந்தது, அதில பிள்ளையைப் பாக்கிறது அம்மம்மா எண்டு எழுதியும் இருக்கு. அதோட எல்லாம் சரி எண்டு நினைக்கினம். அது தாய் வெளிநாடு போறதுக்கான கடதாசி, அம்மம்மாவுக்குப் பிள்ளையில உரிமை குடுக்கிற கடதாசி இல்ல. போன வருசம் அதில ஒரு பொடியனுக்கு வயித்தில ஒப்பரேஷன் எண்ட நேரம் கையெழுத்துக்குத் தாயுமில்லை தகப்பனுமில்லை, அம்மம்மா ஆஸ்பத்திரி வராந்தாவில நிண்டு பத்ரகாளி அம்மனைக் கூப்பிட்டு அழுதவ, நல்ல காலம் டொக்டர் ஒருத்தர் பொறுப்பெடுத்தார். அந்த 1941ம் ஆண்டுச் சட்டத்திலயே பெத்த தாய் தகப்பன் அல்லாத வேற ஆக்கள் பிள்ளையை வச்சிருந்தா பாதுகாவலர் எண்டு பதியிறதுக்கு ஒரு பகுதி இருக்கு. சொந்தப் பேரப்பிள்ளைக்கு என்ன கடதாசி எண்டு கேக்காமல் நன்னடத்தை உத்தியோகத்தரிட்ட ஒருக்காப் போய் எங்களுக்கு எது பொருத்தம் எண்டு கேளுங்கோ. பிள்ளைக்கு ஆபத்து எண்டு தெரிஞ்சா சிறுவர் உதவி இலக்கம் 1929க்குப் போன் அடியுங்கோ.

எங்கட கதைக்கு வாறன். 2021ல ஒரு நாள் கோல் வந்தது, ஒரு பிள்ளை இருக்கு வந்து பாருங்கோ எண்டு. மூண்டரை வயசு. நாங்கள் கைக்குழந்தை எண்டுதான் கனவு கண்டனாங்கள், ஆனா கொஞ்சம் வளந்த பிள்ளைக்கும் சம்மதம் எண்டு விண்ணப்பத்தில எழுத வச்சது மாமிதான், அதே மாமி! முதல் நாள் பிள்ளை எங்களோட ஒரு சொல்லும் கதைக்கேல்ல, மனுசன்ர கையில இருந்த வெல்டிங் சுட்ட தழும்பைத்தான் தொட்டுத் தொட்டுப் பாத்தா. கோட்டில கட்டளை கிடைச்சது 2022ல, பெற்றோல் லைன் நிண்ட காலம், அன்புவழிபுரத்தில இருந்து கோட்டுக்கு மனுசன்ர சைக்கிளில நான் முன்னுக்கும் ஃபைல் பின்னுக்குமாப் போனனாங்கள். நீதிபதி ஐயா ஒரே ஒரு கேள்விதான் கேட்டவர், பிள்ளைக்குச் சொல்லுவியளோ எண்டு. சொல்லிட்டம் ஐயா எண்டு சொன்னம்.

அதால ஆசிரியர் ஐயா, என்ர பேரைப் போடாதேங்கோ. எனக்கு மறைக்க ஒண்டுமில்ல, மகளுக்கும் எல்லாம் தெரியும், இப்ப மூண்டாம் ஆண்டு படிக்கிறா. ஆனா வகுப்பில ஆருக்குச் சொல்லுறது எப்ப சொல்லுறது எண்டது அவவின்ர விசயம், பேப்பருக்கால நான் சொல்லேலாது.

இப்படிக்கு,
ஒரு அம்மா,
அன்புவழிபுரம்,
திருகோணமலை.